கடலிற் கிழித்த கோடு

தென்பாண்டிக் கடற்கரையில் வளர்ந்தவர்க்கு மாசிக்கருவாடு புதிதன்று. கட்டைபோல் இறுகி, இடித்துச் சம்பலிலும் குழம்பிலும் சேர்க்கப்படும் அந்த மாசி, மினிக்காய்த் தீவிலும் மாலத்தீவுகளிலும் சூரை மீனை அவித்துப் புகையூட்டி வெயிலில் உலர்த்திச் செய்யப்படுவது. பிழைப்பின் பொருட்டு மும்பைக்கும் தில்லிக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய நம்மிற் பலர், ஊரிலிருந்து வரும் பொட்டலத்தைப் பிரிக்கும்போதே அதன் மணத்தைக் கண்டுகொள்வோம். ஆயினும் அந்த மீன் எக்கடலிற் பிறந்தது, எக்கடலில் மேய்ந்தது, எத்தனை மைல் நீந்திவந்து தூண்டிலில் அகப்பட்டது என்று நாம் கேட்பதில்லை.

இக்கேள்வியையே, சூரைக் குலத்தின் மற்றொரு மீனைப்பற்றி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் கேட்டு வந்திருக்கின்றனர். அட்லாண்டிக் பெருங்கடலில் வாழும் நீலத்துடுப்புச் சூரையே அம்மீன். மூன்று மீட்டர் நீளமும் அறுநூறு கிலோவுக்கு மேற்பட்ட எடையும் அடையவல்லது. 1979ஆம் ஆண்டு கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரையில் தூண்டிலிற் பிடிபட்ட ஒன்று 679 கிலோ இருந்தது. இம்மீன் போகும் வழியை மனிதன் எவ்வாறு அறிந்தான் என்பதும், அறியாதிருந்த காலத்தில் அவன் கடலில் கிழித்த ஒரு கோடு என்ன விளைவைத் தந்தது என்பதும் நாம் தெரிந்துகொள்ளத்தக்க வரலாறாகும்.

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த பழைய நாகரிகங்களுக்குச் சூரை, உணவும் செல்வமுமாக விளங்கியது. இன்றைய ஸ்பெயின் நாட்டில் பினீஷியர் அமைத்த காதிர் நகரம், தன் நாணயங்களிலேயே சூரை மீனைப் பொறித்தது. ஆண்டுதோறும் கோடையின் தொடக்கத்தில் கூட்டங் கூட்டமாக இம்மீன்கள் ஜிப்ரால்டர் நீரிணை வழியே உள்ளே வருவதையும், பின்னர் வெளியே செல்வதையும் கரையிலிருந்தோர் கண்டனர். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், சூரை கருங்கடலினுள் நுழையும்போது வலக்கரையை ஒட்டியே செல்கிறது என்றும், அதன் வலக்கண் கூர்மையானது என்பதே அதற்குக் காரணமாகலாம் என்றும் எழுதிவைத்தார். காரணம் பிழையே, ஆனால் மீனுக்கு வழி ஒன்று உண்டு, அவ்வழிக்குக் காரணமும் உண்டு என்று நினைத்தது பிழையன்று.

நீரிணைக்கு அப்பால் மீன் எங்கே போயிற்று? இதற்கு ஓரளவு விடை கண்டவர் இத்தாலிய விஞ்ஞானி மாசிமோ செல்லா. 1920களில் அவர் கையாண்ட முறை மிக எளியது. கரையோர வலைகளில் அகப்படும் சூரை மீன்களின் வாயில், முன்பொருகால் அறுத்துக்கொண்டு வந்த பழைய தூண்டில் முட்கள் தைத்திருப்பதுண்டு. ஒவ்வோர் ஊராரும் முள் செய்யும் வகை வேறு. முள்ளைப் பார்த்தால் அம்மீன் எந்த ஊராரிடமிருந்து தப்பி வந்தது என்பது புலப்படும். இம்முட்களைத் திரட்டி ஆராய்ந்த செல்லா, சூரை நெடுந்தொலைவு பயணம் செய்வது என்று காட்டினார். இந்த மீனின் உடலில் மனிதன் படித்த முதல் அடையாளச் சீட்டு, அறுந்த தூண்டில் முள்ளே எனலாம்.

இதற்கிடையே அமெரிக்கக் கரையில் சூரை வேட்டை, செல்வந்தர் விளையாட்டாக வளர்ந்தது. நாவலாசிரியர் ஜேன் கிரே 1924ஆம் ஆண்டில் நோவா ஸ்கோஷியாவில் 758 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 344 கிலோ எடையுள்ள சூரையைத் தூண்டிலிற் பிடித்தது அக்காலத்தில் உலகச் சாதனை. 1939இல் தூண்டில் விளையாட்டுக்கென ஓர் உலகச் சங்கமும் தோன்றியது. பிடித்த மீனோடு படம் எடுத்துக்கொள்வதே அன்று பலருக்கும் பெருமை. உணவுச் சந்தையில் அந்தப் பெரிய மீனுக்கு அமெரிக்காவில் மதிப்பில்லை. பவுண்டு சில காசுகளுக்கு வளர்ப்புப் பிராணிகளின் தீனியாகவும் அது விற்கப்பட்டது.

இந்த விளையாட்டுக்காரரையே ஆராய்ச்சிக்குத் துணையாக்கியவர் பிராங்க் மாதர் என்பவர். மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வுட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த அவர், 1954ஆம் ஆண்டில் தூண்டில் மீன்களுக்குக் குறியிடும் கூட்டுறவுத் திட்டத்தைத் தொடங்கினார். நீண்ட கோலின் முனையில் சிறு ஈட்டி முள். அதனோடு இணைந்த பிளாஸ்டிக் இழையில் ஓர் எண்ணும் முகவரியும். மீனைப் படகில் ஏற்ற வேண்டுவதில்லை. படகருகே இழுத்து, நீரில் இருக்கும்போதே முதுகில் குத்திவிட்டுத் தூண்டிலை அறுத்துவிட்டால் போதும். பின்னொரு நாள் யாரேனும் அம்மீனைப் பிடித்தால், சீட்டிலுள்ள முகவரிக்கு எழுத வேண்டும். ஒரு நிலையத்தின் ஊழியர் எத்தனை பேர் கடலுக்குச் செல்லக்கூடும்? நூற்றுக்கணக்கான தூண்டிற்காரர் இசைந்ததனால் அன்றோ அத்திட்டம் நடந்தது. கொன்று கரைக்குக் கொணர்வதைவிடக் குறியிட்டு விடுவதும் ஒரு பெருமையே என்னும் எண்ணம் அவர்களிடையே வேரூன்றியது.

பலன் உடனே வந்துவிடவில்லை. 1954ஆம் ஆண்டின் கோடையில் அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்டு தீவருகே குறியிடப்பட்ட இரு சூரைகள், ஐந்தாண்டு கழித்து, 1959இல், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடைப்பட்ட பிஸ்கே விரிகுடாவில் பிடிபட்டன. பெருங்கடலை அம்மீன்கள் கடந்திருந்தன! 1961ஆம் ஆண்டில் பஹாமாத் தீவுகளருகே குறியிடப்பட்ட இரு பெருமீன்கள், அதே ஆண்டு சில மாதங்களுக்குள் நார்வே நாட்டுக் கரையில் அகப்பட்டன. அமெரிக்கச் சூரை வேறு, ஐரோப்பியச் சூரை வேறு என்று கருதியிருந்தோர்க்கு இச்செய்திகள் திகைப்பூட்டின.

ஆயினும் இத்தகைய சீட்டுக்கு ஒரு குறை உண்டு. ஊரிலிருந்து நமக்கு வரும் கடித உறையில் புறப்பட்ட அஞ்சலகத்தின் முத்திரை ஒன்றும், வந்துசேர்ந்த அஞ்சலகத்தின் முத்திரை ஒன்றும் இருக்கும். இடையில் அது எந்த ரயிலில் வந்தது, எங்கே தங்கியது என்பதை உறை சொல்லாது. சாதாரணக் குறிச்சீட்டும் அவ்வாறே. தொடக்கத்தையும் முடிவையுமே அறிவிக்கும். மேலும், யாரும் மீன்பிடிக்கச் செல்லாத கடற்பகுதியிலிருந்து ஒரு சீட்டும் திரும்பி வாராது. அங்கே மீன் இல்லையா, மீனவர் இல்லையா என்பதை எவ்வாறு பிரித்தறிவது?

வுட்ஸ் ஹோலில் மற்றொரு விஞ்ஞானியான பிராங்க் கேரி, 1960களிலும் 70களிலும் இம்மீனின் உடலமைப்பை ஆராய்ந்தார். பெரும்பாலான மீன்கள் தம்மைச் சூழ்ந்த நீரின் குளிர்ச்சியையே தாமும் உடையவை. நீலத்துடுப்புச் சூரையோ தசையில் உண்டாகும் வெப்பத்தை வீணாக்குவதில்லை. உள்ளிருந்து வரும் வெப்பக் குருதிக் குழாய்களும் செவுளிலிருந்து வரும் குளிர்ந்த குருதிக் குழாய்களும் நெருக்கமாகப் பின்னி, ஒன்றின் வெப்பத்தை மற்றொன்று வாங்கிக்கொள்கின்றன. எனவே வெப்ப மண்டலக் கடலில் முட்டையிடவும், வடகடலின் குளிர்நீரில் இரைதேடவும் அதனால் இயலுகிறது. இத்தகைய உடல் படைத்த மீனுக்குப் பெருங்கடல் ஒரு முற்றமே அன்றி வேலியன்று.

அறிவு இவ்வாறு மெல்ல வளர்ந்துவர, சந்தை விரைந்து வளர்ந்தது. 1970களில் ஜப்பானியர் இம்மீனை விமானத்தில் தம் நாட்டுக்கு வரவழைக்கத் தொடங்கினர். பச்சையாகவே உண்ணப்படும் அதன் கொழுத்த தசைக்கு அங்கே பெருவிலை கிடைத்தது. நேற்றுவரை பிராணிகளுக்குத் தீனியான மீன், பொன்போல் மதிக்கப்பட்டது. பெரிய வலைக் கப்பல்களும், ஆயிரக்கணக்கான முட்கள் கோத்த நெடுந்தூண்டிற் கப்பல்களும் கடலை அரித்தன. மேற்கு அட்லாண்டிக்கில் மீன்வளம் வெகுவாகக் குன்றிற்று.

இதனைக் கண்காணிக்கும் பொறுப்பு, 1966ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்தாகி 1969இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்வழி அமைந்த சர்வதேச அட்லாண்டிக் சூரை ஆணையத்திடம் இருந்தது. இம்மீன்கள் மெக்சிகோ வளைகுடாவில் ஒரு பகுதியும் மத்தியதரைக் கடலில் ஒரு பகுதியுமாக முட்டையிடுகின்றன என்பது தெரிந்ததே. எனவே 1981ஆம் ஆண்டில் ஆணையம், 45 டிகிரி மேற்குத் தீர்க்கரேகையை ஒட்டிப் பெருங்கடலின் நடுவே ஒரு கோட்டைக் கிழித்தது. கோட்டுக்கு மேற்கே உள்ளவை ஓர் இனக்கூட்டம். கிழக்கே உள்ளவை மற்றொன்று. இரண்டும் மிகச் சிறிதளவே கலக்கும் என்பது அதன் அடிப்படை. மேற்கில் 1982ஆம் ஆண்டுக்கு 1,160 டன், அடுத்த ஆண்டுக்கு 2,660 டன் என்று எல்லை விதிக்கப்பட்டது. கிழக்கில் அத்தகைய மொத்த வரம்பு 1990களின் இறுதிவரை ஏற்படவில்லை.

கணக்கெழுத வசதியான கோடுதான். ஆனால் அதனால் மனக்கசப்பும் விளைந்தது. மேற்குக் கரை மீனவர், தாம் வாயைக் கட்டிச் சேமிக்கும் மீனைக் கோட்டுக்கு அப்பாலுள்ளோர் தாராளமாகப் பிடித்துக்கொள்கின்றனர் என்றனர். கிழக்கிலிருந்தோர், கலப்பு அற்பமானது என்று மறுத்தனர். மாதருடைய பழைய சீட்டுகள் சில மீன்கள் கடந்ததைக் காட்டினவே அன்றி, எத்தனை கடந்தன, எக்காலத்தில் கடந்தன என்பதைக் காட்டவில்லை. வழக்குக்குச் சாட்சி தேவைப்பட்டது. அச்சாட்சி மீனே சொல்லவேண்டிய சாட்சி.

திமிங்கிலத்தின் முதுகில் வானொலிக் கருவி ஒன்றைப் பொருத்தினால், அது மூச்சுவிட மேலே வரும்போதெல்லாம் செய்தி அனுப்பும். மீனோ மேலே வரவேண்டிய தேவை இல்லாதது; கடல்நீரோ வானொலி அலையை ஊடுருவ விடாதது. இவ்விரு தடைகளையும் விலக்கவே, தானே கழன்று மிதக்கும் செயற்கைக்கோள் குறிக்கருவி அமைக்கப்பட்டது. பார்வைக்குக் கையடக்கமான ஓர் ஒலிவாங்கியைப் போன்றது. நீரின் அழுத்தம், வெப்பம், வெளிச்சம் ஆகியவற்றை இடைவிடாது குறித்துக்கொண்டே மீனோடு செல்லும். முன்னரே குறித்த நாள் வந்ததும், மீனோடு பிணைத்திருக்கும் ஊசியில் மின்சாரம் பாயும். உப்புநீரில் அவ்வூசி அரித்து அறும். கருவி மேலே மிதந்துவந்து, தான் எழுதிவைத்த குறிப்பின் சுருக்கத்தை வானத்துக்கு உரைக்கும். அதனைக் கேட்பவை, பிரான்சும் அமெரிக்காவும் சேர்ந்து 1978 முதல் நடத்திவரும் ஆர்கோஸ் அமைப்பின் கருவிகளைத் தாங்கிய செயற்கைக்கோள்கள். ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் உயர்ந்தும், கடந்தபின் தாழ்ந்தும் கேட்பது போல, கோள் நெருங்கும்போதும் விலகும்போதும் அலையின் அதிர்வு மாறுவதைக்கொண்டு கருவி மிதக்கும் இடத்தைக் கணக்கிடுகின்றனர்.

இடையில் மீன் சென்ற வழியைச் சொல்வது வெளிச்சக் குறிப்பு. கொல்கத்தாவில் சூரியன் உச்சிக்கு வருவது மும்பையைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்தியது என்பதை அவ்விரு நகரங்களிலும் வாழ்ந்தவர் அறிவர். உச்சிப்பொழுது எந்நேரத்தில் வந்தது என்பதால் தீர்க்கரேகையும், பகல் எவ்வளவு நீண்டது என்பதால் அட்சரேகையும் புலனாகும். பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி அட்சரேகைக் கணக்குத் தடுமாறும். அப்போது கடலின் மேற்பரப்பு வெப்பம் துணைசெய்யும். மாலுமிகள் பண்டு கையாண்ட முறையையே, மீனின் முதுகிலிருந்து ஒரு சிறுபொறி கையாளுகிறது.

1990களில் வடகரோலினா மாநிலத்தின் ஹட்டராஸ் முனையருகே குளிர்காலந்தோறும் பெருஞ்சூரைகள் கூடின. அங்கேதான் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பார்பரா பிளாக் அம்மையாரின் குழுவினர் வந்தனர். அவர்களுக்குத் தோள்கொடுத்தோர் அப்பகுதித் தூண்டிற்படகினர். இருநூறு கிலோ மீனைப் படகின் பின்வாயில் வழியே ஈரமெத்தைமேல் இழுத்து, கண்களை ஈரத்துணியால் மூடி, செவுளுக்குக் கடல்நீரைக் குழாயால் பாய்ச்சி, சில நிமிடங்களில் கருவியைப் பொருத்தி மீண்டும் கடலில் விட்டனர். 1997ஆம் ஆண்டில் மிதக்கும் கருவி பொருத்தப்பட்டவை 37 மீன்கள். அவற்றுள் 35 கருவிகள் செய்தி அனுப்பின. பிடிக்கப்படாமலே ஒரு மீன் தன் இருப்பிடத்தைச் சொல்லக்கூடும் என்பது 1998இல் வெளியான அந்த ஆய்வினால் உறுதியாயிற்று.

தொடர்ந்து சில மீன்களுக்கு வயிற்றினுள்ளும் பதிவுக் கருவி வைத்துத் தைத்தனர். இவை, மீன் மீண்டும் பிடிபட்டாலன்றிக் கிடையா. ஆனால் ஆண்டுக்கணக்கான நாட்குறிப்பைத் தாங்கியவை. 2001ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவுகளில், சூரை ஆயிரம் மீட்டருக்கும் ஆழமாக மூழ்குவதும், பெருங்கடலைக் கடப்பதும், அமெரிக்கக் கரையில் குறியிட்டவற்றுள் சில மெக்சிகோ வளைகுடாவுக்கும் சில மத்தியதரைக் கடலுக்கும் முட்டையிடச் செல்வதும் வெளியாயின. 2005இல் 772 கருவிகளைக்கொண்டு நடத்திய ஆய்வு மேலும் தெளிவாக உரைத்தது: இரைதேடும் கடலில் இரு கூட்டமும் கலந்து மேய்கின்றன, முட்டையிடும் காலத்தில் பிரிந்து, தத்தம் கடலுக்கே செல்கின்றன.

இதன் பொருளை நாம் ஊன்றி நோக்கவேண்டும். கோடு கிழித்தவர் இரு கூட்டம் உண்டு என்று நினைத்தது சரி. அவை கோட்டின் இருபுறமும் தங்கிவிடும் என்று நினைத்தது தவறு. நம்மைப் போன்றோர் வாழும் பெருநகரத்தையே எண்ணிப் பார்க்கலாம். பல ஊரார் ஒரே தெருவில் குடியிருக்கின்றனர். பண்டிகைக்கு அவரவர் தத்தம் ஊருக்குத் திரும்புகின்றனர். தெருவில் நிற்போரை எண்ணி எந்த ஊர் நிறைந்துள்ளது, எந்த ஊர் காலியாகிறது என்று கூற இயலுமா? மேய்ச்சற் கடலில் மீன் மிகுந்து தோன்றினாலும், அதில் பெரும்பகுதி மத்தியதரைக் கடலில் பிறந்ததாக இருக்கக்கூடும். அதனை நம்பி வலைவீசினால், உடன் மேயும் சிறிய மெக்சிகோக் கூட்டம் யாரும் அறியாமலே அழிந்துபோகும்.

ஆராய்ச்சி ஒருமுகமாகவே சென்றது என்றும் சொல்வதற்கில்லை. மாலி லட்கவேஜ் அம்மையாரின் குழுவினர், அதே 1997ஆம் ஆண்டில் மெய்ன் வளைகுடாவில் பெருமீன்களுக்குக் கருவி பொருத்தினர். மறுகோடையில், முட்டையிடும் பருவமென்று கருதப்பட்ட மாதங்களில், அவற்றுட் பல இரு கடல்களுள் எதிலும் இல்லாமல் நடுப்பெருங்கடலில் இருந்தன. அப்படியானால் மூன்றாவது ஈற்றிடம் ஒன்று உண்டோ என்று அவர்கள் வினவினர். பலர் ஐயுற்றனர். 2013ஆம் ஆண்டில் வளைகுடா நீரோட்டத்துக்கும் அமெரிக்க வடகிழக்குக் கரைத்திட்டுக்கும் இடைப்பட்ட கடலில் நீலத்துடுப்புச் சூரையின் இளங்குஞ்சுகள் அகப்பட்டன. 2016இல் அச்செய்தி வெளியாயிற்று. அங்கே எத்துணை மீன்கள் முட்டையிடுகின்றன என்பது இன்னும் வாதத்திற்குரியது. கேட்ட கேள்வி வீண்கேள்வியன்று என்பது மட்டும் தெளிவு.

உண்மை தெரிந்தவுடன் உலகம் திருந்திவிடுமா? 2005க்குப் பின்னும் கிழக்கில் வரம்பு மீறிய வேட்டை நடந்தது. 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் தோஹா நகரில் கூடிய மாநாட்டில், இம்மீனின் உலக வணிகத்தையே தடைசெய்ய வேண்டுமென்று மொனாக்கோ நாடு கொணர்ந்த தீர்மானம் தோல்வியுற்றது. எனினும் அந்நெருக்கடி வீண்போகவில்லை. ஆணையம் அவ்வாண்டுக்கான கிழக்கு வரம்பை 13,500 டன்னாகக் குறைத்து, கண்காணிப்பையும் கடுமையாக்கியது. மீன்வளம் மீளத் தொடங்கிற்று. 2011இல் அழியும் நிலையிலுள்ளது என்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில் இடம்பெற்ற இம்மீன், 2021இல் அக்கவலை குறைந்த வகுப்புக்கு மாற்றப்பட்டது. மெக்சிகோ வளைகுடாக் கூட்டம் மட்டும் அவ்வாறு மீளவில்லை.

2022ஆம் ஆண்டு நவம்பரில் ஆணையம் ஏற்ற புதிய முறை, இரு கூட்டமும் கலப்பதைக் கணக்கில் வைத்தே பிடிப்பளவை நிர்ணயிக்கிறது. அதன்படி 2023 முதல் 2025 வரை கிழக்குக்கு ஆண்டுதோறும் 40,570 டன்னும் மேற்குக்கு 2,726 டன்னும் வகுக்கப்பட்டன. கோடு அழிக்கப்படவில்லை. ஆனால் மீன் அதனை மதியாது என்பதை அறிந்தே மனிதர் கணக்கிடும் நிலை வந்துவிட்டது. 1954இல் குத்திய முதற் சீட்டிலிருந்து இதற்குச் சென்ற காலம் 68 ஆண்டுகள்.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரியை அடுத்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் ஏவப்பட்ட சரல் செயற்கைக்கோளும், 2022ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் ஏவப்பட்ட ஓஷன்சாட் வரிசைக் கோளும் ஆர்கோஸ் கருவிகளைத் தாங்கிச் சென்றன. இந்துமாக்கடலில் 2005 முதல் 2007 வரை நடந்த பெருந்திட்டத்தில் 1,68,000க்கு மேற்பட்ட சூரைகளுக்குச் சாதாரணக் குறிச்சீட்டு இடப்பட்டது. பின்னர் ஐதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், பிற மீனாராய்ச்சி நிலையங்களோடு சேர்ந்து, நம் கடல்களின் மஞ்சள்துடுப்புச் சூரைக்கு மிதக்கும் கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்தது. இலட்சத்தீவு மீனவனுக்கும், தூத்துக்குடி மீனவனுக்கும், மாலத்தீவு மீனவனுக்கும் பொதுவாக நீந்தும் மீனைப்பற்றிய கேள்விகள் இவை. அட்லாண்டிக்கில் நேர்ந்தது இங்கே நேராதிருக்க வேண்டுமாயின், கோடு கிழிப்பதற்கு முன்னரே மீனின் வழியைக் கேட்டறிவது நலம்.

அடுத்தமுறை ஊர்ப் பொட்டலத்தைப் பிரிக்கையில், மாசித் துண்டின் பின்னே ஒரு நெடும்பயணம் இருப்பதை நாம் நினைத்துக்கொள்ளலாம். அப்பயணத்தைப் படிப்பதற்குத் தூண்டில் முள்ளைச் சேர்த்த ஒருவரும், பிடித்த மீனை விட்டுவிட மனமிசைந்த பலரும், வானத்தில் சுற்றும் கோள்களும் வேண்டியிருந்தன. அவர்களுள் பிடித்ததை விட்டவர் பெயர்கள் பெரும்பாலும் எந்நூலிலும் இல்லை. அவர்கள் குத்தியனுப்பிய சீட்டுகள் திரும்பி வந்தன. அவற்றால்தான் இவ்வளவும் தெரிந்தது.